அவஸ்தை: ஒரு சொல்லின் வழக்கும் பொருளும்

பேருந்தில் கால் ஊன்ற இடமின்றி வந்தவர் ‘ஒரே அவஸ்தை’ என்கிறார். பல்வலிக்காரரும் அதையே சொல்கிறார். மின்சாரம் நின்ற இரவும் அவஸ்தைதான். இவ்வளவு மலிந்துபோன சொல்லை நம் கத்தோலிக்க முதியோர் குரலைத் தாழ்த்தியே உச்சரிப்பர். அவர்கள் நாவில் ‘அவஸ்தையில் இருக்கிறார்’ என்றால், உயிர் பிரியும் தறுவாயில் இருக்கிறார் என்று பொருள்.

வடமொழியில் இச்சொல்லுக்கு ‘நிலை’ என்பதே பொருள். சைவ சித்தாந்த நூல்கள் நனவு, கனவு, உறக்கம் முதலிய ஐந்தையும் உயிரின் அவத்தைகள் என்கின்றன. அகப்பொருள் உரைகளோ காதல் வயப்பட்டோரின் அவத்தைகளைக் காட்சி தொடங்கிப் பத்தாக எண்ணி, கடைசியில் சாக்காட்டை வைக்கின்றன. நிலை துன்பமாகவும், துன்பம் இறுதித் துன்பமாகவும் சாய்ந்த போக்கை இங்கே உய்த்துணரலாம்.

நம் திருச்சபைத் தமிழ் அந்த இறுதியைப் பற்றிக்கொண்டது. பழைய ஞானோபதேசத்தில் ஏழு தேவதிரவிய அனுமானங்களுள் ஒன்று ‘அவஸ்தைப்பூசுதல்’. இலத்தீனில் அதற்கு வழங்கிய பெயர் ‘இறுதிப் பூசுதல்’ எனப் பொருள்படும். திருமுழுக்கு முதலியவற்றில் பெறும் பூசுதல்களுக்குப் பின் வருவதால் அப்பெயர் என்று விளக்கம் சொல்ல அங்கே இடமுண்டு. தமிழ்ப் பெயரில் அதற்கும் இடமில்லை. எண்ணெய்ச் சிமிழோடு குருவானவர் படியேறினால் கதை முடிந்தது என்றே வீட்டார் கொண்டனர். மொழிபெயர்ப்பு மூலத்தைவிடக் கடுமையாகிவிட்டது என்பது நம் கணிப்பு.

யாக்கோபின் திருமுகம் (5:14-15) பேசுவது நோயுற்றவரைப் பற்றியே. ஆண்டவர் அவரை எழுப்புவார் என்ற நம்பிக்கையும் அங்கேயே உண்டு. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், நோயாலோ முதுமையாலோ உயிருக்கு ஆபத்து தொடங்கும்போதே இதைப் பெறலாம் எனத் தெளிவாக்கியது. 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் சடங்கைப் புதுப்பித்தார். கண், செவி, நாசி, வாய் எனப் புலன்தோறும் பூசிய முறை நெற்றி, கைகள் என்று சுருங்கிற்று. ‘நோயில்பூசுதல்’ என்பது இம்மாற்றத்தின் தமிழ் முகம்.

பெயர் மாறியது நன்றே. அச்சம் மாறிற்றா? இன்று வீடுகளில் அவஸ்தைக்குப் பதிலாகச் ‘சீரியஸ்’ வந்திருக்கிறது. “சாமி, அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸ். சும்மா பார்க்க வந்த மாதிரி வாங்க, எண்ணெய் வேண்டாம், பயந்துடுவாங்க” என்று வாசலிலேயே கைகூப்பும் மகனை எந்தப் பங்குக் குருவும் அறிவார். நினைவு தப்பிய பிறகே எண்ணெய்க்கு அனுமதி கிடைக்கும். அப்போது பாவசங்கீர்த்தனம் செய்ய வாய் எழாது. வழியுணவாக நற்கருணையை விழுங்கத் தொண்டை இடம் தராது. இத்தனைக்கும் படுத்திருப்பவருக்குத் தம் நிலை தெரியும். அதைப் பேசத்தான் ஆளில்லை. தம்பியோடு தீர்க்க வேண்டிய வரப்புத் தகராறும் மகளிடம் கேட்க வேண்டிய மன்னிப்பும் அவரோடு குழிக்குள் இறங்குகின்றன. மறுநாள் சுவரொட்டி ‘இறைவனடி சேர்ந்தார்’ என்று அறிவிக்கிறது. (அதை அச்சிட்டவரே முப்பதாம் நாள் பூசைக்கும் கருத்துக் கொடுக்கிறார்!)

பழைய சொல் கடுமையானதுதான். எனினும் அது வீட்டை விழிக்க வைத்தது. ‘அவஸ்தை’ என்று செய்தி பரவியதும் மந்திரித்த மெழுகுதிரி ஏற்றப்படும். கையில் பாடுபட்ட சுரூபம் வைக்கப்படும். அக்கம்பக்கத்தார் முழந்தாளிட்டுச் செபிப்பர். ஒலிவ மலையில் ஆண்டவர் பட்ட வேதனையைக் குறிக்க லூக்கா (22:44) ஆளும் கிரேக்கச் சொல் ‘அகோனியா’. போட்டிக் களத்தின் போராட்டத்தை அடியாகக் கொண்டது அது. அந்த இரவில் அவர் சீடர் மூவரிடம் கேட்டது தம்மோடு விழித்திருக்க வேண்டும் என்பதே. திருவருட்சாதனத்தின் பெயராக ‘அவஸ்தை’ மீள வேண்டியதில்லை. சாவை எதிர்கொள்வோரின் போராட்டத்துக்குரிய சொல்லாக அது நம் பேச்சில் நிற்பதில் குறையொன்றும் காணோம்.

ஒரு கிளைக் கிராமத்தில் தொண்ணூறைத் தொட்ட மூதாட்டியிடம், “அம்மா, நோயில்பூசுதல் கொடுக்கலாமா?” என்று கேட்டோம். மக்கள் பதறிப்போய் எங்களுக்குச் சாடை காட்டினர். அவரோ, “எனக்கு நோயெல்லாம் ஒண்ணுமில்ல சாமி, அவஸ்தை பூசுங்க” என்று கைகளை நீட்டினார்.