அளவுகோலும் அதனை ஏந்திய கைகளும்

கல்வித் தரம் என்பது ஓர் அளவுகோல். வாங்கும்போது ஒரு கோலும் விற்கும்போது வேறொரு கோலும் வைத்திருப்பவனை நாம் நல்ல வணிகன் என்று சொல்வதில்லை. திருக்குர்ஆனின் 83-ஆம் அத்தியாயம் அத்தகையோரின் பெயராலேயே அமைந்து அவர்களைக் கண்டிக்கிறது. தானியத்தை அளப்பதற்கே இத்துணைக் கண்டிப்பு என்றால், பிள்ளைகளின் அறிவை அளக்கும் கோலை ஏந்துவோரிடம் எத்துணை நேர்மையை எதிர்பார்க்க வேண்டும்! அமெரிக்காவில் ‘காமன் கோர்’ எனும் பொதுக் கல்வித் தரம் பட்ட பாட்டை இந்த நோக்கிலேயே இங்கு ஆராய விழைகிறோம்.

அந்நாட்டில் ஆளுநர் என்பவர் நம் நாட்டு ஆளுநரைப்போல் நியமனம் பெறுபவரல்லர். மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு மாநில ஆட்சியை நடத்துபவர். இத்தரத்தை உருவாக்கும் பணியை 2009-இல் தொடங்கியது, ஆளுநர்களின் தேசியச் சங்கமும் மாநிலக் கல்வித் தலைவர்களின் மன்றமுமே. 2010 ஜூன் மாதம் ஜார்ஜியா மாநிலத்தில் அது வெளியிடப்பட்டது. அம்மாநிலத்தின் அன்றைய ஆளுநர் சோனி பெர்டியூ, பழமைவாதிகளின் கட்சியான குடியரசுக் கட்சியைச் சேர்ந்தவர். இம்முயற்சிக்கு முன்னின்றவர்களுள் ஒருவர். 40-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதனை ஏற்றன.

ஆவணத்தை ஓர் இலக்கிய மாணவனின் கண்கொண்டு பார்த்தால், அதில் நிறையும் உண்டு, குறையும் உண்டு. படித்த பகுதியிலிருந்தே சான்று காட்டி விடை எழுதவேண்டும் என்ற அதன் வற்புறுத்தலை மத்ரஸாவில் ஓதிய எவரும் வரவேற்பர். மூலத்தின் சொல்லை விட்டு விலகிய விளக்கத்தை நம் உஸ்தாதுமார்கள் ஒருபோதும் ஒப்பியதில்லை. கணிதத்திலும் பல தலைப்புகளை மேலோட்டமாகத் தொடுவதைவிடச் சிலவற்றை ஆழமாகக் கற்பிக்கவே அது முற்பட்டது. ஆனால் 12-ஆம் வகுப்பில் மாணவனின் வாசிப்பில் இலக்கியம் 30 விழுக்காடு, தகவல் நூல்கள் 70 விழுக்காடு என்று அது பங்கு பிரித்தது. எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்த கணக்கே அது என்று விளக்கம் தந்திருந்தபோதிலும், இலக்கிய ஆசிரியர்கள் கலங்கியதை நம்மால் உணர முடிகிறது. கவிதையின் பயனை விழுக்காட்டில் எவ்வாறு குறிப்பது?

இத்தகைய குறைகளுக்காகத்தான் ஆளுநர்கள் அதனைக் கைவிட்டனரா? நிகழ்ச்சிகளின் வரிசை வேறொன்றைச் சொல்கிறது. ஒபாமா அரசு 435 கோடி டாலர் போட்டி நிதியை அறிவித்து, பொதுத் தரத்தை ஏற்கும் மாநிலங்களுக்கு அதில் மதிப்பெண் கொடுத்தது. மாநிலங்களின் முயற்சியாகத் தொடங்கியது, மத்திய அரசின் திணிப்பு என்ற பெயரைப் பெற்றது. கட்சித் தொண்டர்களின் சினம் மூண்டதும் கோலை ஏந்திய கைகள் நடுங்கின.

2014 மார்ச்சில் இந்தியானாவின் ஆளுநர் மைக் பென்ஸ், அதனைக் கைவிடும் முதற் சட்டத்தில் ஒப்பமிட்டார். அடுத்த மாதமே வந்த புதிய தரத்தில் பழையதே பெயர் மாறி நிற்கிறது என்று குறை கூறியவர்கள், காமன் கோரின் எதிர்ப்பாளர்களே ஆவர். லூசியானாவின் பாபி ஜிண்டால், தம் ஆட்சியில் 2010-இல் ஏற்கப்பட்ட தரத்தை எதிர்த்து 2014-இல் மத்திய அரசின்மீது வழக்கே தொடுத்தார். மறு ஆண்டு குடியரசுத் தலைவர் பதவிக்கான போட்டியிலும் இறங்கினார். ஓக்லஹோமாவின் மேரி ஃபாலினோ, ஆளுநர் சங்கத்தின் தலைவராக இருந்தபோதே அச்சங்கம் பெற்ற பிள்ளையைத் தம் மாநிலத்தில் தள்ளிவைத்தார். அங்கு 2010-இல் ஒரு தரம், 2014-இல் மீண்டும் பழைய தரம், 2016-இல் இன்னொரு புதிய தரம். ஆறே ஆண்டுகளில் இத்தனை மாற்றம்! 2010-இல் முதல் வகுப்பில் அமர்ந்த குழந்தை ஆரம்பப் பள்ளியை முடிப்பதற்குள் அதன் ஆசிரியர் எத்தனை முறை பாடத்தைத் திருத்தி எழுதியிருப்பார்!

பழமைவாதத்தையே குற்றவாளியாக்குவது நம் நோக்கமன்று. ஓஹையோவின் ஜான் கேசிச்சும் பழமைவாதியே. அவர் தரத்தைக் கைவிடவில்லை. பிள்ளைகளின் பாடத்தை அந்தந்த ஊரே முடிவு செய்யவேண்டும் என்ற வாதமும் மதிப்பிற்குரியதே. 2015 டிசம்பரில் இயற்றப்பட்ட கல்விச் சட்டம், எந்தத் தரத்தையும் ஏற்கும்படி மாநிலங்களை மத்திய அரசு வற்புறுத்தலாகாது என்று தடுத்ததும் முறையே. நாம் வினவுவது ஒன்றே: 2010-இல் இம்மாநிலங்களின் கண்ணுக்கு நன்றாகத் தோன்றிய நூலில் 2014-இல் எந்தப் பக்கம் கெட்டுப்போயிற்று?

அல்லாமா இப்னு கல்தூன் தம் ‘முகத்திமா’வில் ஊருக்கு ஊர் வேறுபடும் போதனை முறைகளை ஒப்பிடுகிறார். மக்ரிப் மக்கள் பிள்ளைகளுக்குக் குர்ஆனை மட்டுமே முதலில் கற்பித்தனர். அந்தலுஸ் மக்கள் அதனோடு கவிதையும் இலக்கணமும் கையெழுத்தும் சேர்த்தனர். மொழியையும் கவிதையையும் முதலில் கற்பித்துவிட்டுப் பின்னர் குர்ஆனைத் தொடங்கலாம் என்ற காழி அபூபக்ர் இப்னுல் அரபியின் யோசனையை எடுத்துக்கூறி, அது நல்ல முறைதான், ஆயினும் மக்களின் வழக்கம் அதற்கு இடந்தரவில்லை என்று அவர் ஒளிக்காமல் எழுதுகிறார். நடைமுறைக்கு ஒவ்வாத யோசனையை அவர் தீயதென்று தூற்றவில்லை. அறிவின் அமானிதம் என்பது இதுவே.

“தரம் நல்லது, எம் மக்கள் ஒப்பவில்லை” என்றோ, “நாம் ஆராயாமல் ஏற்றுவிட்டோம்” என்றோ அந்த ஆளுநர்கள் சொல்லியிருந்தால் அவர்களின் பெருமை குறைந்திராது. அதனை விடுத்து, தம் சங்கம் செய்த கோலையே பிறர் செய்த சூழ்ச்சியென்று முறித்தெறிந்தனர். முறிந்த கோலுக்கு மாற்றாக வேறொரு கோல் கிடைத்துவிடும். அளப்பவரின் சொல்மீது ஆசிரியர் வைத்திருந்த நம்பிக்கை அத்துணை எளிதில் மீளாது.