முதலில் கார்னரைச் சொல்லு

புரோ கபடி ஏலம் முடிந்த மறுநாள் எல்லாப் பத்திரிகைகளிலும் கோடிக்கணக்குதான் பெரிய எழுத்தில் வரும். யார் எத்தனை கோடிக்குப் போனார், எந்த அணி எவ்வளவு கொட்டியது என்பதே தலைப்பு. புதுக்கோட்டை மாவட்டத்து எங்கள் இலுப்பூரில் டீக்கடைப் பெஞ்சுகளில் அந்தத் தலைப்புக்கு ஆயுள் குறைவு. யாராவது தொகையைச் சத்தமாகப் படித்தால், பக்கத்தில் இருக்கும் பழைய ஆட்டக்காரர் ஒருவர், "அதை விடு மாப்ள, கார்னர் யாருன்னு சொல்லு" என்று குறுக்கே விழுவார். அந்தக் கேள்வியிலிருந்துதான் உண்மையான பேச்சு தொடங்கும். தமிழ் தலைவாஸ் அணிக்கு என்ன குறை, யாரை எடுத்திருக்க வேண்டும், யாரை விட்டிருக்கக் கூடாது என்று வெயில் ஏறும்வரை போகும். இந்தப் பேச்சை நான் ஒரு கலையாகவே மதிக்கிறேன். ஏழு பேரைச் சேர்த்துப் பார்க்கும் கண் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. எங்கள் பக்கம் அது நிறையப் பேருக்கு இருக்கிறது.

அது எப்படி வந்தது என்பதற்குக் காரணம் உண்டு. அன்னவாசலுக்கும் விராலிமலைக்கும் நடுவே கிடக்கும் மானாவாரிப் பூமி இது. பொங்கலுக்கும் கோவில் திருவிழாவுக்கும் சுற்றுப்பட்டு ஊர்களில் இரவுக் கபடி நடக்கும். தண்ணீர் தெளித்து இறுக்கிய மண், சுண்ணாம்புக் கோடு, நான்கு மூலையிலும் விளக்குக் கம்பம், மைக்கில் ஓயாமல் பேசும் ஒருவர், விடிய விடிய ஆட்டம். நுழைவுக் கட்டணம் கட்டிய அணிகள் பட்டியலில் தங்கள் ஊர்ப் பெயர் வரக் காத்திருக்கும். வெளியூர் ஆள் சேர்க்கலாம் என்று விதி இருக்கும் போட்டிகளில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சின்ன ஏலம் நடந்தே தீரும். வசூலான பணம் கொஞ்சம்தான். அதில் ஒரே ஒரு ஆளைத்தான் கூப்பிட முடியும். பாடுகிறவனைக் கூப்பிடுவதா, பிடிக்கிறவனைக் கூப்பிடுவதா?

இளசுகள் பாடுகிறவனைத்தான் கேட்பார்கள். கூட்டம் கைதட்டுவது அவனுக்குத்தான். அனுபவப்பட்டவர்கள் ஊரில் இருக்கும் ஆறு பேரை விரல்விட்டு எண்ணுவார்கள். இடது மூலையில், அதாவது கார்னரில், நிற்க நம்ம பையன் இருக்கிறான், அவனுக்குப் பக்கத்தில் கவர் நிற்க ஆள் இல்லை, ஆகவே கவர்தான் வேண்டும் என்று முடிப்பார்கள். சில ஆயிரம் ரூபாயை வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் இந்தக் கணக்கைப் போட்டவர்களுக்கு புரோ கபடி அணியின் ஐந்து கோடி ரூபாய்க் கணக்கு புதிதல்ல. சுழியங்கள் கூடியிருக்கின்றன, அவ்வளவுதான்.

கபடியின் ஒரு விதிதான் இந்த ரசனைக்கெல்லாம் வேர். பாடப் போனவன் பிடிபட்டால் வெளியே உட்கார வேண்டும். அவன் தானாக எழுந்து வர முடியாது. அவனுடைய அணி எதிரியில் ஒருவரையாவது வெளியேற்றினால்தான், போன வரிசைப்படி ஒருவர் உள்ளே வர முடியும். கிரிக்கெட்டில் ஆட்டமிழந்தவர் அந்த இன்னிங்ஸ் முழுக்க வெளியேதான். கால்பந்தில் பிழை செய்தவரும் களத்திலேயே நிற்பார். கபடியில் மட்டும்தான் நட்சத்திரத்தின் உயிர் மற்றவர்களின் கையில் இருக்கிறது. இரண்டு கோடி கொடுத்து வாங்கிய ரைடர், அதாவது பாடுகிறவர், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது, அவரை எழுப்பி உள்ளே கூட்டிவருவது பெரும்பாலும் ஒரு கார்னரின் பிடி. அந்தப் பிடி விழாவிட்டால் நாற்பது நிமிட ஆட்டத்தில் அந்த இரண்டு கோடி பத்து நிமிடம், பன்னிரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்கும். இலுப்பூர்க்காரர்கள் இதை ஏட்டில் படித்து அறியவில்லை. மண்ணில் உட்கார்ந்து, பிடி விழாதா என்று ஏங்கிய அனுபவம் அவர்களுக்கு இருக்கிறது.

தலைவாஸின் வரலாறு இந்தப் பேச்சுக்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்கிறது. அணி பிறந்தது 2017இல், ஐந்தாவது பருவத்தில். 2019இல் கையில் இருந்த பெயர்களைப் பார்த்தால் கோப்பை வீட்டுக்கு வந்துவிட்டது என்றே யாருக்கும் தோன்றும். அஜய் தாக்கூர், மன்ஜித் சில்லர், புதிதாக 94 லட்சத்துக்கு வாங்கிய ராகுல் சௌதரி, பின்னால் ரன் சிங். பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாம் இடம். அந்தப் பருவத்தைப் பற்றி இன்றும் வாதம் ஓயவில்லை. வயதாகிப்போன அணி என்பார்கள் சிலர். எனக்குச் சரியாகப் படுவது வேறு. அவர்கள் ஒவ்வொருவரும் வேறு வேறு அணிகளில், வேறு வேறு கூட்டாளிகளோடு பெரிய ஆட்டக்காரர்கள் ஆனவர்கள். புதிய கூட்டாளியின் மூச்சு பிடிபடுவதற்குள் பருவம் முடிந்துவிட்டது.

அதற்கு நேர் எதிராக நடந்தது 2022. பவன் ஷெராவத்தை அணி 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தது. அதுவரை கபடி ஏலத்தில் யாரும் தொடாத தொகை. ஓர் அணி செலவிடலாம் என்றிருந்த 4 கோடியே 40 லட்சத்தில் பாதிக்கும் மேல் ஒரே ஆளுக்கு. அக்டோபர் 8ஆம் தேதி, குஜராத்துக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே முழங்கால் காயம். பருவமே போயிற்று. தொடக்கத்தில் அணி தடுமாறத்தான் செய்தது. பிறகு ஆஷன் குமார் பயிற்சியாளராக வந்தார். முதல் பருவம் ஆடிய நரேந்தர் என்ற இளைஞர் பாடப் பாட, இருநூறு ரைடு புள்ளிகளையும் தாண்டினார். அஜிங்க்ய பவார் கைகொடுத்தார். ஆனால் அந்த அணியைத் தூக்கி நிறுத்தியது, முந்தைய பருவத்திலிருந்து சேர்ந்தே நின்ற பிடிவரிசை: வலது மூலையில் சாகர் ராட்டி, இடது மூலையில் சாஹில் குலியா, நடுவே ஹிமான்ஷு, நம்ம ஊர்ப் பையன் எம். அபிஷேக் போன்றவர்கள். சாகர் அதற்கு முந்தைய பருவத்திலேயே 82 பிடிப் புள்ளிகள் எடுத்தவர். யூ.பி. யோதாஸுடன் 36க்கு 36 என்று சமனாகி, டை பிரேக்கரில் 6க்கு 4 என்று வென்று, தலைவாஸ் முதல்முறையாக அரையிறுதிக்குள் போனது. அங்கே புனேரி பல்டனிடம் 39க்கு 37. இரண்டே புள்ளி. அந்த இரவை எங்கள் ஊரில் இன்னும் ஆட்டம் ஆட்டமாகச் சொல்லுவார்கள், எந்த நிமிடத்தில் யார் கை நழுவியது என்பதுவரை.

இவ்வளவு சொன்னதும் "அப்படின்னா ரைடருக்குக் காசே போடக் கூடாதா சித்தப்பா?" என்று ஓர் இளைஞர் கேட்பார். நல்ல கேள்வி. இதற்கு எளிய பதில் இல்லாததால்தான் இந்த வாதம் இனிக்கிறது. அடுத்த பருவத்தில் ஏறக்குறைய அதே பிடிவரிசைதான் நின்றது. ஒன்பதாம் இடம். நரேந்தர் வெளியே உட்கார்ந்தால் அடுத்துப் பாட உறுதியான ஆள் யார் என்ற கேள்விக்கு விடை கிடைக்காத பருவம் அது. 2024இல் அந்தக் குறையை நிரப்பத்தான் சச்சின் தன்வரை 2 கோடியே 15 லட்சத்துக்கு, அந்த ஏலத்திலேயே மிக அதிக விலைக்கு, எடுத்தார்கள். அதே பருவத்தில் சிறந்த தடுப்பாளர் விருதும் தலைவாஸின் நிதேஷ் குமாருக்குத்தான். விலை உயர்ந்த ரைடரும் இருந்தார், நாட்டின் சிறந்த கார்னரும் இருந்தார். மறுபடியும் ஒன்பதாம் இடம்.

இங்கேதான் தேர்ந்த ரசிகரும் சாதாரண ரசிகரும் பிரிகிறார்கள். சாதாரண ரசிகர் ஆளைப் பார்ப்பார். தேர்ந்தவர் இரண்டு ஆளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியைப் பார்ப்பார். நிதேஷும் வலது கார்னர், சாகரும் வலது கார்னர். இருவரும் முதல் தரம். ஆனால் மூலை ஒன்றுதானே? ஒருவரை எடுக்கும்போது அவர் யார் இடத்தில் நிற்பார், யாரை நகர்த்துவார், நகர்ந்தவர் புதிய இடத்தில் எந்தக் கையால் பிடிப்பார் என்று கேட்கத் தெரிய வேண்டும். கார்னர் கணுக்காலைப் பிடித்த மாத்திரத்தில் கவர் மேலே விழ வேண்டும். அரை நொடி பிந்தினால் ரைடர் நடுக்கோட்டைத் தொட்டுவிடுவார், இரண்டு பேரும் வெளியே. அரை நொடி முந்தினால் கார்னர் கை வைப்பதற்குள் ரைடர் உஷாராகிப் பின்வாங்கிவிடுவார். கண்ணால் சைகை காட்டிக்கொள்ள அங்கே நேரம் கிடையாது. பக்கத்தில் நிற்பவன் கையைக் கோத்திருக்கும்போது அந்த விரல்கள் இறுகுவதை வைத்தே அவன் பாயப்போகிறான் என்று தெரிய வேண்டும். அந்தப் பழக்கம் பருவக் கணக்கில் வளர்வது, ஏலத்தில் எடுத்துவர முடியாதது. பிடித்துப் பிடித்து விரல் கோணிப்போன பெரியவர்கள் இதைச் சொல்லும்போது பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்தே காட்டுவார்கள். அப்படி ஒரு விளக்கத்தை நான் எந்தத் தொலைக்காட்சி வர்ணனையிலும் கேட்டதில்லை.

ஈரான் வீரர் முகமதுரேசா ஷத்லூயியை வைத்து நடக்கும் வாதமும் இதே ரகம்தான். இடது கார்னர், பாடவும் தெரிந்தவர். 2023இல் புனே அவரை 2 கோடியே 35 லட்சத்துக்கு எடுத்தது, கோப்பை வென்றது. 2024இல் ஹரியானா 2 கோடியே 7 லட்சத்துக்கு எடுத்தது, கோப்பை வென்றது. சச்சினுக்குத் தலைவாஸ் கொடுத்ததைவிட எட்டு லட்சம் குறைவு. "பாத்தியா, பிடிக்கிறவனுக்குக் காசு போட்டான், கப்பு வந்துச்சு" என்று ஒரு கட்சி மேசையைத் தட்டும். 2025இல் குஜராத் அவரை 2 கோடியே 23 லட்சத்துக்கு எடுத்தது. முதல் எட்டு இடத்துக்குள்கூட அந்த அணி வரவில்லை. மற்றக் கட்சி இப்போது மேசையைத் தட்டும். இரண்டு கட்சியையும் கேட்டபின் எனக்குத் தோன்றுவது, புனேவும் ஹரியானாவும் ஏற்கெனவே கட்டி முடித்த அணிகளில் விடுபட்ட ஒரு கல்லாக அவரை வைத்தன என்பதே. கட்டடமே இல்லாத இடத்தில் அந்தக் கல் தனியாகத்தான் கிடக்கும்.

பணக்கணக்கை எடுத்துக்கொண்டால் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்கக் கால்பந்தில் 1936 முதல் ஒரு முறை இருக்கிறது. போன பருவத்தில் கடைசியாக வந்த அணிக்குக் கல்லூரி வீரர்களில் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. தோற்றவனுக்குக் கைகொடுக்கும் முறை. கபடி ஏலத்தில் அந்தச் சலுகை கிடையாது. கோப்பை வென்றவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் அதே ஐந்து கோடிதான். அதற்குள் 18 முதல் 25 பேர்வரை எடுக்க வேண்டும். ஒருவருக்கு இரண்டு கோடிக்கு மேல் போனால், மீதி இருக்கும் பணத்தில் பதினேழு பேருக்குக் குறையாமல் ஆள் தேட வேண்டும். 2014இல் நடந்த முதல் ஏலத்தில் மிக அதிக விலை போன ராகேஷ் குமாருக்கே 12 லட்சத்து 80 ஆயிரம்தான். 2023இல் பவன் 2 கோடியே 60 லட்சத்தைத் தாண்டினார். விலை ஏறிய வேகத்தில், இரண்டாம் ரைடர், மாற்று கவர், தொடர்ந்து இரண்டு வெற்றுப் பாட்டுக்குப் பின் செய்-அல்லது-செத்துமடி என்று வரும் ரைடுக்கு அனுப்பத் தோதான ஆள் என்று, கண்ணில் படாத இடங்களுக்குக் கையில் காசு மிஞ்சுவதில்லை. இலுப்பூர் வாதங்களில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இந்தக் கண்ணில் படாத இடங்களைப் பற்றியது. எட்டாவது, ஒன்பதாவது ஆள் யார் என்று அக்கறையோடு பேசும் ரசிகரை நான் எழுந்து நின்று வணங்குவேன்.

2025இல் தலைவாஸ் அர்ஜுன் தேஷ்வாலை 1 கோடியே 40 லட்சத்து 50 ஆயிரத்துக்கு எடுத்தது. பவனும் 59 லட்சத்து 50 ஆயிரத்துக்குத் திரும்பி வந்தார். இரண்டு பெரிய ரைடர்கள், ஒருவர் விலையில். ஏலக் கணக்கில் அதுவரை அணி செய்ததிலேயே நல்ல காரியம் என்று பலரும் சொன்னார்கள், நானும் அப்படியே நினைத்தேன். சில ஆட்டங்களிலேயே பவன் அணியிலிருந்து விலக்கப்பட, அர்ஜுன் தலைமையேற்றுத் தனியாகச் சுமந்தார். முதல் எட்டு மறுபடியும் கைக்கு எட்டவில்லை.

தமிழ் தலைவாஸில் தமிழ்ப் பையன்கள் எத்தனை பேர் என்ற கேள்வி எழாமல் எந்தப் பேச்சும் முடியாது. இதில் சூடு அதிகம். தஞ்சாவூர்ப் பக்கத்துச் சேரலாதன் நாற்பது வயதைத் தாண்டி 2016இல் பாட்னாவுக்குத் தலைமை தாங்கிக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கண்ணகி நகர் கார்த்திகாவும் வடுவூர் அபினேஷும் இந்திய அணிகளில் தங்கம் வென்றார்கள். ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஊர்ப்பாசத்துக்காக எடுங்கள் என்று இலுப்பூரில் யாரும் கேட்பதில்லை. அவர்கள் சொல்லும் காரணம் ஆட்டக் காரணம். சிறுவயதிலிருந்து ஒரே மைதானத்தில் ஒன்றாகப் பிடித்து வளர்ந்த இரண்டு பேரைச் சேர்த்து எடுத்தால், அந்த விரல் இறுக்கம் ஏற்கெனவே இருக்கும். பெரிய விலை கொடுக்க வேண்டிய வயதும் அவர்களுக்கு இன்னும் வந்திருக்காது. ஒருவரைத் தனியாக எடுத்து, பெஞ்சில் உட்காரவைத்து, மொழி தெரியாத வரிசையில் எப்போதாவது நிறுத்தினால் அவரும் கெட்டார், இடமும் கெட்டது.

தலைவாஸ் நிர்வாகத்துக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த ஏலத்துக்கு முன், புதுக்கோட்டை மாவட்டத்தில் திருவிழாக் காலத்து இரவுப் போட்டி ஒன்றுக்கு ஆள் அனுப்புங்கள். மேடையில் உட்காராமல் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பவர்களோடு நின்று பார்க்கட்டும். ஒரு மூலையையும் அதன் கவரையும் ஜோடியாக எடுங்கள், மூன்று பருவம் கலைக்காமல் வையுங்கள். அதற்குப் பிறகு மிஞ்சும் பணத்தில் இரண்டு நடுத்தர ரைடர்கள் போதும்.

வாசகருக்கும் ஒன்று. அடுத்த பருவம் தொடங்கும்போது முதல் ஐந்து நிமிடம் பாடுகிறவரைப் பார்க்காதீர்கள். எதிரே கைகோத்து நிற்பவர்களில் ஓரத்து இருவரை மட்டும் பாருங்கள். ஆட்டம் எந்தப் பக்கம் போகப்போகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.