கடைசி ஓவரில் கோட்டை விடுகிறார்கள்

இங்கிலாந்தின் தொடக்கப்பள்ளிகள் பலவற்றில் ஆண்டுக்கு ஒரு நாள் பிள்ளைகள் வேடம் கட்டிக்கொண்டு வருவார்கள். முழங்கால் வரை இழுத்துவிட்ட காலுறை, பழங்காலத்துக் கோட்டு, தோளில் கயிறு கட்டித் தொங்கும் அட்டைப்பெட்டி, கோட்டுப் பொத்தானில் கட்டிய பெயர்ச்சீட்டு. 1939-இல் குண்டுவீச்சுக்கு அஞ்சி நகரங்களிலிருந்து கிராமங்களுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளின் வேடம் அது. சில பள்ளிகள் பழைய நீராவி ரயிலில் பிள்ளைகளை ஏற்றிச்சென்று நிஜ ரயில் நிலையத்தில் இறக்குகின்றன. மற்றவை பள்ளிக்கூடத்து அரங்கையே கிராமமாக்கிக்கொள்கின்றன. பாடத்திட்டம் இப்படிச் செய்யச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆசிரியர்கள் தாங்களாக விரும்பிச் செய்வதுதான். இதனால் மதிப்பெண் கூடுமா என்று பார்ப்பவர்கள் பார்க்கட்டும். இந்தப் பத்தியில் இதை ஓர் ஆட்டமாக மட்டும் எடுத்துக்கொண்டு அலசுவோம். தொடக்கம் அபாரமாக இருக்கிறது. வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது கடைசி அரை மணி நேரத்தில் கோட்டை விடுகிறார்கள்.

முதலில், யாருக்கு எந்த வேடம் என்ற தேர்வு. போரைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதென்றால் பெரியவர்களுக்குச் சட்டென்று தோன்றுவது சிப்பாய் வேடம். அது எடுபடுவதே இல்லை. பத்து வயதுப் பையன் கையில் மரத்துப்பாக்கி வந்ததும் அவன் ஆடுவது அவனுக்கு ஏற்கெனவே தெரிந்த ஆட்டம். சுடப்பட்டு விழுகிறான், ஐந்து விநாடியில் சிரித்துக்கொண்டே எழுகிறான். வீட்டைவிட்டு அனுப்பப்பட்ட பிள்ளையின் வேடத்தில் இந்தச் சிக்கல் இல்லை. பிள்ளை பிள்ளையாகவே நடித்தால் போதும். தன் வயதுக்கு மீறிய எதையும் பொய்யாகக் காட்ட வேண்டியதில்லை. இன்னொரு வசதி, அந்தப் பாத்திரத்துக்கு எதுவும் தெரியாது என்பது. 1939 செப்டம்பர் 1-ஆம் தேதி, போர் அறிவிக்கப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, வெளியேற்றம் தொடங்கியது. சில நாள்களுக்குள் ஏறக்குறைய 15 லட்சம் பேர் இடம் மாற்றப்பட்டார்கள். அவர்களில் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பெற்றோர் துணையில்லாமல் ஆசிரியர்களோடு கிளம்பிய பள்ளிப் பிள்ளைகள். ரயில் எங்கே போகிறது என்பது பெரும்பாலும் பிள்ளைக்கும் தெரியாது, வழியனுப்பிய தாய்க்கும் தெரியாது. போய்ச் சேர்ந்தபின் பிள்ளை எழுதிப்போடும் அஞ்சலட்டையில்தான் முகவரி வரும். ஆகவே வேடம் கட்டிய பிள்ளை "எங்கே மிஸ் போறோம்?" என்று கேட்கும்போது ஆசிரியர் வாய் திறக்காமல் இருந்தால் போதும், அன்றைய நிலைமை அப்படியே மேடையேறிவிடுகிறது.

வாய் திறக்காமல் இருப்பதன் வலிமைக்குப் பெரியவர்கள் நடத்திய ஒரு நிகழ்வே சாட்சி. சோம் போரின் நூற்றாண்டு நாளான 2016 ஜூலை 1 அன்று, கலைஞர் ஜெரமி டெல்லரும் தேசிய நாடக அரங்கின் ரூஃபஸ் நாரிஸும் சேர்ந்து திட்டமிட்டபடி, சுமார் 1,400 தன்னார்வலர்கள் முதல் உலகப்போர்ச் சீருடையில் பிரிட்டன் முழுக்க ரயில் நிலையங்களிலும் கடைத்தெருக்களிலும் முன்னறிவிப்பின்றித் தோன்றினார்கள். யாரோடும் பேசவில்லை. யாராவது அருகில் வந்தால் ஒரு சீட்டை நீட்டினார்கள். அதில் சோம் போரின் முதல் நாளில் இறந்த ஒரு சிப்பாயின் பெயர் இருந்தது. அந்த ஒரே நாளில் இறந்த பிரிட்டிஷ் படையினர் 19,240 பேர். குண்டுச் சத்தம் கிடையாது, சண்டைக் காட்சி கிடையாது. பள்ளிக்கூடங்களுக்கு இதில் பாடம் உண்டு. அபாயச் சங்கொலியும் புகையும் வெடிச்சத்தமும் வாடகைக்கு எடுக்கச் செலவழிக்கும் காசை மிச்சம் பிடிக்கலாம்.

உடைக்கும் பொருளுக்கும் கொடுக்கப்படும் முக்கியத்துவமும் இதே போல மிகைதான். நச்சுவாயு முகமூடியை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப்போருக்கு முன்பே பிரிட்டனில் சுமார் 3.8 கோடி முகமூடிகள் வழங்கப்பட்டிருந்தன. சின்னக் குழந்தைகள் பயப்படக் கூடாதென்று சிவப்பு ரப்பரில் செய்து ‘மிக்கி மவுஸ்’ முகமூடி என்று செல்லப் பெயரும் வைத்தார்கள். நிஜ முகமூடியைத் தேடிப்பிடித்துப் பிள்ளைகள் முகத்தில் மாட்டிப் பார்ப்பது பல பள்ளிகளில் வழக்கமாக இருந்தது. அவற்றின் வடிகட்டிகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பதால் வகுப்பறையில் பயன்படுத்தாதீர்கள் என்று 2014-இல் அரசுத் தரப்பே எச்சரித்தது. அதற்குப்பின் வெறும் அட்டைப்பெட்டிதான். ஆட்டத்துக்கு இதனால் நட்டமில்லை. அந்தப் போரில் பிரிட்டன் மீது நச்சுவாயுக் குண்டு விழவே இல்லை. போகுமிடமெல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரிந்த தொல்லைதான் அன்றைய பிள்ளைகளின் நிஜ அனுபவம். மத்தியானத்துக்குள் கயிறு தோளை அறுக்க ஆரம்பிக்கும். அது போதும். இணையத்தில் விற்கும் ‘வெளியேற்ற’ உடுப்பைப் பெற்றோர் காசு கொடுத்து வாங்க வேண்டியதும் இல்லை. 1939-ஆம் ஆண்டுப் படங்களில் நிற்கும் பிள்ளைகள் அணிந்திருப்பது சாதாரணக் கோட்டுதான். ஒரு சீட்டும் ஒரு கயிறும் இருந்தால் வேடம் முடிந்தது.

ஆட்டத்தின் உயிர் இருப்பது கிராமத்துக் கூடத்தில். ரயிலில் இருந்து இறங்கிய பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்தினார்கள். இடமளிக்க வந்தவர்கள் பார்த்துப் பொறுக்கினார்கள். வயல் வேலைக்கு உதவுவான் என்று தெரிந்த திடமான பையனும், சுத்தமாக உடுத்திய சிறுமியும் முதலில் போனார்கள். பிரியாமல் கைகோத்து நின்ற அண்ணன் தங்கைகள் காத்துக் கிடந்தார்கள். ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டால் வாரம் பத்து ஷில்லிங் ஆறு பென்ஸ். ஒன்றுக்கு மேல் என்றால் தலைக்கு எட்டு ஷில்லிங் ஆறு பென்ஸ். இந்தக் காட்சியைப் பள்ளியில் நடத்துவது கொடுமை என்று சிலர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கபடிக்கு ஆள் பிரிக்கும்போது தினமும் கடைசியில் நிற்கிற பிள்ளை இங்கேயும் கடைசியில்தான் நிற்கும். அதற்கு அது வரலாறு அல்ல, திங்கட்கிழமை. ஆனால் அதற்காகக் காட்சியையே வெட்டிவிட்டால் மிஞ்சுவது ரயில் சுற்றுலா மட்டுமே. கடைசியில் நிற்கும் வேடத்தை ஓர் ஆசிரியர் ஏற்கட்டும். பாதி வகுப்பு இடமளிப்பவர்களாக மாறட்டும். பொறுக்கும் வேலையைச் செய்கிற பிள்ளை, "இவளை ஏன் வேண்டாம் என்றாய்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். பேன், படுக்கையில் சிறுநீர், கிழிந்த காலணி என்று அன்றைய வீட்டுக்காரர்கள் கொட்டிய புகார்கள் வெறும் முணுமுணுப்பாக முடிந்துவிடவில்லை. நகரத்து ஏழ்மையை வசதியுள்ள கிராமத்து வீடுகள் முதல் முறையாக அருகில் பார்த்த சந்தர்ப்பம் அது. 1943-இல் ‘நமது நகரங்கள்’ என்ற ஆய்வறிக்கை வெளிவந்ததற்கே அந்தப் புகார்கள்தான் காரணம்.

வேடம் போட்டுவிட்டால் அடுத்தவர் வலி தெரிந்துவிடுமா என்பது வரலாற்றாசிரியர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. தெரியாது. மூன்று மணிக்கு அம்மா வாசலில் வந்து நிற்பாள் என்று அறிந்த பிள்ளைக்கு அந்தப் பிரிவு எப்படித் தெரியும்? அதனால்தான் நாள் முடிவில் எழுதச் சொல்லும் "அன்புள்ள அம்மா" கடிதங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போல வருகின்றன. வேடத்தால் கற்பிக்க முடிவது வேறொன்று: யார் முடிவெடுத்தார்கள், அப்போது அவர்களுக்கு என்ன தெரிந்திருந்தது என்பது. வீட்டுக்காரர் தன் தங்கைக்கு எழுதும் கடிதம், பிள்ளைகளைப் பங்கிட்டுக் கொடுத்த அதிகாரியின் குறிப்பேடு என்று எழுதச் சொன்னால் பிள்ளைகளின் எழுத்து உடனே மாறும். போர் நடக்கும் நாட்டிலிருந்து தப்பிவந்த பிள்ளை அதே வகுப்பில் இருந்தால் என்ன செய்வது என்பது இதைவிடக் கடினமான ஆட்சேபம். அந்த வகுப்பில் சங்கொலி கூடாது, பதுங்குகுழிக் காட்சி கூடாது, வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். இந்த மூன்றில் பேரத்துக்கு இடமில்லை.

இனி அந்தக் கடைசி அரை மணி நேரம். பல பள்ளிகளில் மாலையில் தோரணக் கொடிகள் கட்டி, மேசைகளை நீளமாகப் போட்டு, சாண்ட்விச்சும் கேக்கும் பரப்பி, 1945 மே 8-ஆம் தேதி வெற்றி விருந்தாக நாளை முடிக்கிறார்கள். காலையில் கிளம்பிய ரயில் சாயங்காலத்துக்குள் ஏறக்குறைய ஆறு ஆண்டைத் தாண்டிவிடுகிறது. அவ்வளவு தின்பண்டத்துக்கு அன்றைய நிஜத் தெருவிருந்துகளில் பல வீடுகள் ரேஷனைச் சேர்த்துவைக்க வேண்டியிருந்தது. போர்க்காலம் முழுக்கக் கட்டுப்பாடில்லாமல் கிடைத்த ரொட்டிக்கே 1946-இல்தான் ரேஷன் வந்தது, எல்லாம் முழுதாக நீங்க 1954 ஆயிற்று. போரும் அன்று முடியவில்லை. பெரும்பாலும் இந்தியச் சிப்பாய்களைக் கொண்ட பிரிட்டனின் 14-ஆவது படை அப்போதும் பர்மாவில் ஜப்பானியரோடு சண்டையில் இருந்தது. காலை முழுவதும் பிள்ளைகளுக்குள் கட்டிவளர்த்த ‘அடுத்து என்ன’ என்ற கேள்வியை, "நாம் ஜெயித்துவிட்டோம்" என்ற பதில் ஒரே வாயில் விழுங்கிவிடுகிறது. பிள்ளைகளை மகிழ்ச்சியோடு வீட்டுக்கு அனுப்ப வேண்டாமா என்பார்கள். அனுப்பலாம், அதற்கு வரலாற்றை வளைக்கத் தேவையில்லை, வேடத்தைக் கழற்றிவைத்துவிட்டு அரை மணி நேரம் விளையாட விட்டாலே போதும்.

உண்மையான முடிவு கண்முன் கிடக்கிறது. எதிர்பார்த்த குண்டு மாதக்கணக்கில் விழவில்லை. 1940 ஜனவரிக்குள் வெளியேற்றப்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் நகரத்துக்கே திரும்பிவிட்டார்கள். கூட்டிவந்த பெற்றோர் முட்டாள்கள் அல்ல. பிள்ளை ஏங்குகிறது, செலவு கட்டுப்படியாகவில்லை, ஊரில் ஒன்றும் நடக்கவில்லை. ஆட்டத்தை இந்த ஜனவரியில் நிறுத்தி, பெற்றோர் வேடத்தைப் பிள்ளைகளிடமே கொடுக்க வேண்டும். கூட்டிவருவதா, அங்கேயே விடுவதா? கை தூக்கி முடிவு செய்து, காரணத்தையும் எழுதிக் கொடுத்தபின், அடுத்த தேதியைக் கரும்பலகையில் எழுதுங்கள்: 1940 செப்டம்பர் 7. அன்று லண்டன் மீது தொடங்கிய குண்டுவீச்சு, அடுத்த இரண்டு மாதம் அநேகமாக ஓர் இரவுகூட ஓயவில்லை.