உலோகச் சக்கரம் மட்டும் போதுமா?

அமெரிக்க மாதிரி ரயில் ஆர்வலர்களிடம் ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. புதிதாகச் சரக்குப் பெட்டி வாங்கியதும், அதிலுள்ள பிளாஸ்டிக் சக்கரங்களைக் கழற்றிவிட்டு உலோகச் சக்கரங்களை மாட்டிவிடுவார்கள். இந்த வழக்கத்தில் நியாயம் உண்டு. ஆனால் யோசிக்காமல் பின்பற்றினால், தடம்புரள்வதற்கான உண்மைக் காரணம் கண்ணுக்குத் தப்பிவிடும்.

முதலில் அதன் நியாயத்தைப் பார்ப்போம். மிகப் பரவலான எச்.ஓ. அளவில் எல்லாமே 87-இல் ஒரு பங்கு. 33 அங்குலச் சக்கரம் 9.6 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். இவ்வளவு சிறிய சக்கரத்தில் லேசான கோணல்கூடப் பெட்டியை ஆட்டிவிடும். நன்றாகக் கடைந்த உலோகச் சக்கரம் வட்டம் பிசகாமல் சுழலும். அதன் எடையும் பெட்டியின் அடியிலேயே சேரும். பிளாஸ்டிக் சக்கரத்தின் ஓடுபரப்பிலோ எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் கருப்பாக இறுகிப் படியும். நகத்தால் சுரண்டினால் செதிலாக உதிரும். சிக்னல் அமைப்பு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு லாபம்: உலோகச் சக்கரங்களுக்கிடையே 10,000 ஓம் மின்தடை பொருத்தினால், 14 வோல்ட்டில் 1.4 மில்லி ஆம்பியர் பாயும். அந்தத் தடத்தில் பெட்டி நிற்பதை அதைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம். பிளாஸ்டிக்கில் இது நடக்காது.

குறைகளும் சிறியவை அல்ல. இரு தண்டவாளங்களிலும் மின்சாரம் ஓடுவதால், ஓர் அச்சின் இரு சக்கரங்களில் ஒன்றாவது மின்காப்புடன் இருக்க வேண்டும். சக்கரங்களைத் தாங்கும் சட்டமும் உலோகமாக இருந்து, அச்சுகளில் ஒன்றைத் திசை மாற்றிப் போட்டால், ஷார்ட் சர்க்யூட் ஆகி மொத்தத் தடமும் நின்றுவிடும். பாதை பிரியுமிடத்தில் எதிரெதிர் மின்முனைத் தண்டவாளங்கள் நெருங்கிவரும்; அகலமான உலோகச் சக்கரம் அங்கே இரண்டையும் ஒருசேரத் தொட்டுவிடக்கூடும். பிளாஸ்டிக் சக்கரத்துக்கு இந்த ஆபத்தே இல்லை. தங்குதடையின்றி உருளும் பெட்டி, சற்றே சரிந்த பக்கத் தடத்தில் நிற்காமல் தானே நகர்ந்துவிடுவதும் உண்டு. நூறு பெட்டி வைத்திருப்பவருக்குச் செலவும் கணிசம்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது வேறொன்று. பெட்டி தடம்புரளக் காரணம் பெரும்பாலும் சக்கரத்தின் பொருள் அல்ல, பொருத்தம். இரு சக்கரங்களுக்கிடையே உள்ள தூரம் சரியா? அச்சின் கூர்முனை, சட்டத்திலுள்ள குழியில் இறுகாமலும் தளராமலும் அமர்கிறதா? அச்சின் நீளம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். பொருந்தாத நீளத்தில் விலையுயர்ந்த உலோக அச்சைத் திணித்தால், பழைய பிளாஸ்டிக்கைவிட மோசமாகவே ஓடும். 1935-இல் தொடங்கிய தேசிய மாதிரி ரயில் சங்கம் இந்த இடைவெளிகளைச் சோதிக்க ஓர் உலோக அளவுத் தகட்டையே வகுத்துத் தந்திருக்கிறது. பெட்டியின் எடைக்கும் அதன் பரிந்துரை உண்டு: எச்.ஓ. பெட்டிக்கு 1 அவுன்ஸ், அத்துடன் நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். 6 அங்குலப் பெட்டிக்கு இது 4 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 113 கிராம். இதைவிட இலேசான பெட்டியில் சக்கரத்தை மட்டும் மாற்றினால் பாதி வேலைதான் முடிந்திருக்கும்.

எனவே வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது. முதலில் இடைவெளி, அடுத்து அச்சின் பொருத்தம், பிறகு எடை, கடைசியாகச் சக்கரத்தின் பொருள். நீண்ட ரயில் ஓட்டுபவரும் சிக்னல் அமைப்பவரும் உலோகத்துக்கு மாறட்டும். அவர்களுக்கு அது செலவுக்குத் தகுந்த பலன் தரும். எப்போதாவது ஓடும் பெட்டியில், வட்டம் கெடாத பிளாஸ்டிக் சக்கரத்தைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தாலே போதும்.