கம்பு சுழற்றினால் கல்லூரி கிடைக்குமா?

அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கேட்டு விண்ணப்பிக்கும் மலேசிய மாணவரின் தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. போர்ட் கிள்ளானில் பள்ளி முடிந்ததும் திடலுக்கோ கராத்தே வகுப்புக்கோ ஓடும் பிள்ளைக்கு இந்தக் கணக்கு கடுமையானது. மாவட்டம், மாநிலம் என்று அவர் சேர்த்து வைக்கும் நற்சான்றிதழ்கள் எல்லாம் அந்தப் பத்துக்குள்தான் அடங்க வேண்டும். அவற்றுக்காக இழந்த படிப்பு நேரமோ தொண்ணூறில் அடிக்கிறது. விளையாட்டாளர்களுக்கெனத் தனிச் சேர்க்கைப் பிரிவு இருப்பது உண்மை. ஆனால் அந்த வாசல் உச்சத்தைத் தொட்டவர்களுக்கானது. மாநில அளவில் நான்காவதாக வந்த பிள்ளைக்கு அது திறப்பதில்லை.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் விளையாட்டு உபகாரச் சம்பளம் வந்தது. யாருக்காக வந்தது, யாரை விட்டுவிடுகிறது என்பதைப் பார்க்க, நமக்குச் சற்றும் தொடர்பில்லாததாகத் தோன்றும் ஒரு விளையாட்டிலிருந்து தொடங்கலாம்.

அமெரிக்காவின் மேற்குப் பகுதிகளில் வேரோடியது ரோடியோ. திமிறும் குதிரையின் முதுகில் எட்டு விநாடி தாக்குப்பிடிப்பது, ஓடும் கன்றுக்குச் சுருக்குக் கயிறு வீசுவது என, மாட்டுப் பண்ணை ஆட்களின் அன்றாட வேலையே அங்கே போட்டியாகிவிட்டது. ஒலிம்பிக்கில் அதற்கு இடமில்லை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பும் அதைத் தன் பட்டியலில் சேர்த்ததில்லை. அதற்காக யாரும் காத்திருக்கவில்லை. 1949இல் கல்லூரி மாணவர்களுக்கெனத் தேசிய ரோடியோ சங்கம் ஒன்று உருவானது. டெக்சஸ் மாநிலத்தின் ஆல்பைன் நகரிலுள்ள சல் ராஸ் கல்லூரி அதன் பிறப்பிடங்களுள் ஒன்று. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதில் இருக்கின்றன. இறுதிச் சுற்று ஆண்டுதோறும் ஜூன் மாதம் வயோமிங் மாநிலத்தின் காஸ்பர் நகரில் நடக்கிறது. பண்ணைப் பிள்ளைகளைத் தங்கள் பக்கம் இழுக்க, கல்லூரிகள் உபகாரச் சம்பளமும் தருகின்றன.

தங்கள் வட்டாரத்து மக்களின் விளையாட்டை, வெளியார் முத்திரைக்குக் காத்திராமல் கல்லூரிகள் மதித்தன என்பதே இதில் பெரிய நன்மை. போட்டியிடுபவர் முழுநேர மாணவராக இருக்க வேண்டும், தேர்ச்சியும் குறையக்கூடாது என்ற நிபந்தனை படிப்பைக் காப்பாற்றுகிறது. பரிசுப் பணத்தையும் மாணவர் வைத்துக்கொள்ளலாம். என்.சி.ஏ.ஏ. விளையாட்டாளர்களோ தங்கள் பெயரைக் கொண்டு சம்பாதிக்க 2021 வரை காத்திருந்தார்கள்.

குறை எங்கே? குதிரையில்தான். கல்லூரி தரும் தொகை பெரும்பாலும் கட்டணத்தில் ஒரு பங்கையே ஈடுகட்டும். பயிற்சி பெற்ற குதிரை, அதை ஏற்றிச் செல்லும் இழுவை வண்டி, தீவனம், எண்ணெய்ச் செலவு, போட்டிக்குப் போட்டி நுழைவுக் கட்டணம் எல்லாம் குடும்பத்தின் தலையில் விழுகின்றன. பண்ணை இல்லாத வீட்டுப் பிள்ளை தொடக்கத்திலேயே வெளியேறிவிடுகிறது. எலும்பு முறிவும் தலைக்காயமும் சாதாரணமாக நேரும் விளையாட்டு வேறு. வசதியில்லாதவரைத் தூக்கிவிட வந்த உதவி, ஏற்கெனவே வசதி உள்ளவரிடமே பெரிதும் போய்ச் சேருகிறது.

சிலம்பத்துக்குக் குதிரை வேண்டாம். நெற்றி உயரத்துக்கு ஒரு பிரம்புக் கம்பு, ஆசான் ஒருவர், மாலையில் திறந்துவிடும் தமிழ்ப்பள்ளி மண்டபம் போதும். குறைந்த வருமானமுள்ள பி40 குடும்பத்துப் பிள்ளையும் தடையின்றி நுழையக்கூடிய களம் அது. ஆனால் கம்பு சுழற்றக் கற்ற பிள்ளையின் திறமையைக் கல்லூரி வரை கொண்டு சேர்க்கும் பாதை உறுதியாக இல்லை. மலேசிய மாநிலங்களுக்கிடையே 1986இல் தொடங்கிய சுக்மா போட்டியின் விளையாட்டுப் பட்டியல் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. ஏற்று நடத்தும் மாநிலத்தின் விருப்பமும் அதில் சேர்கிறது. பட்டியலில் இல்லாத ஆண்டில் பதக்கமும் இல்லை, அதை நம்பியிருந்த மாணவருக்குப் பிடிமானமும் இல்லை. தமிழ்நாட்டு அரசு, வேலைவாய்ப்பில் விளையாட்டாளர்களுக்கான 3 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் சிலம்பத்தையும் சேர்த்தது. கிள்ளான் பள்ளத்தாக்கின் பல்கலைக்கழகங்கள் சிலம்பத்துக்கும் கபடிக்கும் தலா சில இடங்கள் ஒதுக்க சுக்மா குழுவின் அனுமதி தேவையா என்ன? அந்தந்தப் பல்கலைக்கழகம் முடிவு செய்தால் போதும்.

வெளிநாட்டு வாய்ப்பைப் பற்றிப் பேசும்போது பெற்றோர் வாயில் முதலில் வருவது அமெரிக்கா. பேராக்கைச் சேர்ந்த முகமட் அசீம் ஃபாமி, 2022இல் 100 மீட்டரை 10.09 விநாடியில் ஓடித் தேசியச் சாதனை படைத்த பிறகு அலபாமாவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 400 மீட்டர் ஓட்டக்காரர்களான ஜோசபின் மேரி, சாம்சன் வல்லபோய் தம்பதியின் மகள் ஷெரீன், மின்னசோட்டாவின் வினோனா பல்கலைக்கழகத்துக்காக ஓடினார். உலகத் தரப் பயிற்சியும் பட்டமும் ஒரே இடத்தில் கிடைக்கும் இந்த ஏற்பாட்டுக்கு ஈடானது நம் நாட்டில் இன்னும் உருவாகவில்லை. 1996இல் திறந்த புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி, பள்ளிப் பருவம் வரைதான் கைகொடுக்கும்.

ஆனால் அங்கே கிடைக்கும் விளையாட்டு உபகாரச் சம்பளத்தின் காலவரையைப் பலர் படித்துப் பார்ப்பதில்லை. 1973 முதல் பல்லாண்டுகள் என்.சி.ஏ.ஏ. உபகாரச் சம்பளம் ஓராண்டுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. ஆண்டு முடிவில் புதுப்பிப்பதும் கைவிடுவதும் பயிற்றுநர் கையில் இருந்தது. 2012க்குப் பிறகுதான் பல ஆண்டுகளுக்குச் சேர்த்துத் தர வழி திறந்தது. முட்டி கிழிந்த பிள்ளை தாய்நாட்டிலிருந்து பத்தாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் அடுத்த ஆண்டுக் கட்டணத்தை எண்ணிக் கலங்குவது கொடுமை. உடல் தோற்கும் வேளையில்தான் படிப்பு கைகொடுக்க வேண்டும். அந்த வேளையில் அதைப் பறிக்கும் ஏற்பாட்டை உபகாரம் என்று ஏற்பதற்கில்லை.

இதற்கு மாறான முறையும் அமெரிக்காவிலேயே உண்டு. ஐவி லீக்கின் எட்டுப் பல்கலைக்கழகங்கள் 1954இல் செய்த உடன்பாட்டின்படி விளையாட்டுக்கென உபகாரச் சம்பளம் தருவதே இல்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவுகின்றன. எனவே ஒருவர் விளையாட்டை விட்டாலும் உதவி நிற்காது. கெடாவின் சிவசங்கரி சுப்பிரமணியம் ஸ்குவாஷ் ஆடியபடியே படித்த கோர்னெல் அந்த எட்டில் ஒன்று. 2022 ஜூன் மாதம் கார் விபத்தில் முதுகெலும்பிலும் முகத்திலும் காயமடைந்தார். மறு ஆண்டு ஹாங்சோ ஆசியப் போட்டியில் தனிநபர் தங்கம், 2024இல் லண்டன் கிளாசிக் பட்டம். எல்லோருக்கும் இப்படி மீட்சி கிடைப்பதில்லை. அவர் திரும்ப ஆட முடியாமல் போயிருந்தாலும் பட்டம் அவரிடம் இருந்திருக்கும்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் தனியார் பல்கலைக்கழகங்கள் பலவும் இப்போது விளையாட்டுக்காகக் கட்டணக் கழிவு தருகின்றன. பயிற்சிக்குத் தவறாமல் வர வேண்டும், பல்கலைக்கழகத்தின் சார்பில் ஆட வேண்டும், குறிப்பிட்ட சராசரிப் புள்ளிக்குக் கீழே போகக்கூடாது என்பவை வழக்கமான நிபந்தனைகள். நியாயமான கோரிக்கைகள்தாம். ஆனால் கடமையெல்லாம் மாணவர் பக்கமே இருக்கிறது. களத்தில் காயமுற்றால் மருத்துவச் செலவு யாருடையது, அந்தப் பருவத்தில் புள்ளி சரிந்தால் கழிவு நிற்குமா, பயிற்றுநர் மாறி அணியே கலைந்தால் கடைசி ஆண்டுக் கட்டணம் என்னாகும் என்பதும் அதே கடிதத்தில் எழுதப்பட வேண்டும். எஸ்.பி.எம். முடிவுகள் வந்த பரபரப்பில், விடுதி முன்பணத்துக்கு ஓடியபடியே கையெழுத்திடும் துறைமுகத் தொழிலாளியின் வீட்டுக்கு இதை விளக்க ஆளில்லை. பள்ளியின் விளையாட்டு ஆசிரியரோ சிலம்ப ஆசானோ உடன் உட்கார்ந்து படித்துக் காட்டலாம். விடை இல்லாத கேள்விகளை எழுதி அனுப்பி, பதில் வந்த பிறகு கையெழுத்திடலாம்.