இடுப்பு வலி: ஏட்டு அறிவுரையும் ஏரி வேலையும்

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட இடுப்பு வலிக்கான வழிகாட்டி நூல் ஒன்றை வெளியிட்டது. இவ்வலி பற்றி அந்நிறுவனம் தந்த முதல் வழிகாட்டி இதுவே. 2020-இல் உலகில் ஏறத்தாழ 62 கோடிப் பேர் இடுப்பு வலியால் துன்புற்றனர் என்பதை நோக்க, நூலின் தேவை விளங்கும்.

பழைய பழக்கங்கள் சிலவற்றைத் துணிந்து ஒதுக்குவது இந்நூலின் சிறப்பு. இடுப்புப் பட்டை, எடை கட்டி இழுத்தல், அபின் வகை வலிமருந்து ஆகியவற்றை வழக்கமாகக் கையாள வேண்டாம் என்கிறது. உடற்பயிற்சியையும் வலியைப் பற்றிய விளக்கத்தையும் பரிந்துரைக்கிறது. திடீரென வரும் வலிக்கும் படுக்கை மருந்தாகாது. 1995-இல் வெளியான ஹெல்சிங்கி ஆய்வில், படுத்திருந்தவர்களைவிட இயன்ற அளவு அன்றாட வேலைகளைத் தொடர்ந்தவர்களே விரைவில் தேறினர்.

இவ்வறிவுரையைப் பழவேற்காட்டு ஏரிக்குக் கொண்டு செல்வோம். ஆழமற்ற நீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களை அங்கே காணலாம். இறாலைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கவ்வியிருப்பார்கள். இவர்களிடம் போய், "உடலுக்கு வேலை கொடுங்கள்" என்று சொல்வது பொருந்துமா?

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். முதுகுத் தசைகள் முதுகெலும்பின் மையத்திற்குச் சுமார் 5 செ.மீ. பின்னிருந்து இழுக்கின்றன. 10 கிலோ மீன்கூடையை 50 செ.மீ. முன்னால் நீட்டிப் பிடித்தால், அச்சுமைக்காக மட்டுமே அவை 100 கிலோ எடைக்குச் சமமாக இழுக்க வேண்டும். கூடையை 25 செ.மீ. தொலைவுக்கு நெருக்கினால் 50 கிலோ போதும். குனியும்போது நம் உடலின் எடையும் இதனுடன் சேரும். சுமை ஒன்றே வலிக்குக் காரணம் அன்று. எனினும் மாத்திரை இக்கணக்கை மாற்றாது.

நூலின் குறை இங்கேதான். அது சிகிச்சையோடு நின்றுவிடுகிறது. வேலையைத் திருத்தும் வழியைச் சொல்லவில்லை. கூடையை உடலோடு அணைத்துத் தூக்குதல், பெரிய சுமையை இருவர் பகிர்தல், மீன்பெட்டியை மேடைமேல் வைத்தல், இடையிடையே நிமிர்ந்து நிற்றல் ஆகியவை செலவு குறைந்த வழிகள். வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய வருவாய் இல்லை என்னும் குடும்பத்திற்கு இவையே பயன்படும்.

ஓர் எச்சரிக்கை: வலியுடன் கால் வலுவிழத்தல், தொடையிடையில் மரத்துப்போதல், சிறுநீர் மலம் கட்டுப்பாடின்மை, காய்ச்சல் ஆகியவற்றுள் எது தோன்றினும் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

நல்ல நூல்தான். ஆனால் நம் ஊருக்கு அதை மொழிபெயர்ப்பவர், முதலில் ஏரியில் இறங்கிச் சிறிது நேரம் குனிந்து பார்க்க வேண்டும்.