யாளியை ரசிப்பது எப்படி?

திருநின்றவூரில் வாழ்ந்த பூசலார் நாயனார், கோயில் கட்டப் பொருள் கிடைக்காமையால் மனத்துக்குள்ளேயே அதைக் கட்டி முடித்துக் குடமுழுக்குக்கு நாள் குறித்தார் என்றும், அதே நாளில் காஞ்சியில் தன் கற்கோயிலுக்குக் குடமுழுக்கு நடத்தவிருந்த பல்லவ மன்னனின் கனவில் இறைவன் தோன்றி அந்நாளை மாற்றச் சொன்னார் என்றும் பெரியபுராணம் கூறுகிறது. அக்கற்கோயில், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் எடுப்பித்த கயிலாசநாதர் கோயிலே என்பது பரவலான கருத்து. பூசலாரின் மனக்கோயில் திருநின்றவூரில் இருதயாலீசுவரர் கோயிலாக நினைவுகூரப்படுகிறது; காஞ்சிக் கோயிலின் தூண்களில் பின்னங்கால்களை ஊன்றி எழுந்து நிற்கும் சிம்ம உருவங்களோ, காட்டில் பிறவாமல் சிற்பியின் மனத்திலேயே பிறந்த யாளி என்னும் விலங்கின் முற்காலத் தோற்றத்தைக் காட்டுகின்றன.

வடமொழிச் சிற்ப நூல்கள் வியாளம் என்று குறிக்கும் இவ்விலங்கு, சிங்க உடலோடு வேறொரு விலங்கின் முகத்தையோ உறுப்பையோ இணைத்து உருவாக்கப்படுவது. சிங்க முகம் கொண்டது சிம்ம யாளி என்றும், துதிக்கை உடையது யானை யாளி என்றும் வழங்கும். சங்க இலக்கியத்தில் யானையைக் கொல்லும் வலிமை மிக்க விலங்காக ஆளி பேசப்படுகிறது; பொருநராற்றுப்படை, பால்குடி மறவாத பருவத்திலேயே தன் முதல் வேட்டையில் களிற்றை வீழ்த்தும் ஆளிக்குட்டியைக் கரிகாலனுக்கு உவமையாக்குகிறது.

யாளியின் முன் நிற்பவர் முதலில் தேட வேண்டியது, ஒரு விலங்கு முடிந்து இன்னொரு விலங்கு தொடங்கும் இடத்தை. சிங்கத்தின் மேலுதடு எவ்விடத்தில் துதிக்கையாக நீளத் தொடங்குகிறது, பிதுங்கிய கண்களுக்கும் கோரைப் பற்களுக்கும் நடுவே கன்னத்தசை எவ்வாறு மடிகிறது, சுருள் சுருளான பிடரி மயிர் கழுத்தில் எங்கே கரைகிறது என்று பார்வையைக் கீழிறக்கினால், நல்ல சிற்பத்தில் ஒட்டுப் போட்ட தடமே தென்படாது. தேர்ச்சி குறைந்த சிற்பத்தில் தலை மட்டும் தனியாகத் துருத்தும். கையாண்ட சிற்பியின் தரத்தை அறிய இதைவிட எளிய வழி இல்லை.

அடுத்துக் கவனிக்க வேண்டியது யாளி செய்யும் வேலை. 1010ஆம் ஆண்டில் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் அதிட்டானத்தில், அதாவது சுவரைத் தாங்கும் அடித்தளத்தில், வரிசையாக ஓடும் யாளிகள் யாளி வரி எனப்படும். நெடுஞ்சுவரைச் சுற்றி ஓடும் அவ்வரிசை, மூலைகளில் மகரத் தலைகளில் சென்று முடிகிறது. கோயில் படிக்கட்டின் பக்கச் சுவர்களில் யாளியின் துதிக்கையே சுருண்டிறங்கிக் கைப்பிடியாகிறது. மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில், புலிக்குகை என்று மக்கள் அழைக்கும் குடைவரையைச் சூழ்ந்திருப்பவையும் யாளித் தலைகளே.

விசயநகர, நாயக்கர் காலங்களில்தான் யாளி வரியிலிருந்து வெளியேறித் தூணையே தன்னுடையதாக்கிக்கொண்டது. காஞ்சி வரதராசர் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்திலும் மதுரைப் புதுமண்டபத்திலும், தூணும் விலங்கும் ஒரே கல்லில் எழுகின்றன. அக்காலக் கோயில்கள் சிலவற்றில் யாளியின் வாய்க்குள் உருளும் கல் உருண்டையை மட்டும் பார்த்துவிட்டு நகர்வது வழக்கமாகிவிட்டது. பல் இடுக்கு வழியே உளியைச் செலுத்தி அக்கல்லிலேயே உருண்டையைக் கடைந்தெடுத்த திறமை பெரிதுதான் என்றாலும், முழுப் பாரத்தையும் பின்னங்கால்களில் ஏற்றிப் பாயப் போகும் நொடியில் உடலை நிறுத்தியிருக்கும் சமநிலையே அதைவிடப் பெரிய சாதனை.

கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கிரேக்கக் கிரிஃபினும், 2004ஆம் ஆண்டு வெளிவந்த ஹாரி பாட்டர் படத்தில் கழுகும் குதிரையுமாகப் பறக்கும் ஹிப்போகிரிஃபும் இதே இணைப்புக் கலையின் உறவினங்கள். திரையில் கணினி அசைத்துக் காட்டுவதை, அசையாத கல்லில் வளைவினால் மட்டுமே உணர்த்துகிறது யாளி. அது ஒரு காலத்தில் உண்மையாகவே வாழ்ந்து அழிந்த விலங்கு என்று காணொளிகள் கிளப்பும் பேச்சு ரசனைக்கு இடையூறானது. வாழ்ந்த விலங்காயின், நூற்றாண்டுக்கு நூற்றாண்டு அதன் உடல் சிற்பியின் விருப்பப்படி மாறியிருக்க முடியாது.

திருநின்றவூரிலிருந்து அரக்கோணம் சென்று ரயில் மாறினால் காஞ்சிபுரத்தை அடையலாம். வெயில் சாய்வாக விழும் காலையிலோ மாலையிலோ கயிலாசநாதர் கோயிலுக்குச் செல்வோர், பிற்காலத்தில் பூசப்பட்ட சுதை உதிர்ந்து பல்லவர் செதுக்கிய மணற்கல் வெளிப்படும் இடங்களைத் தேடிப் பார்த்தல் நன்று. அக்கல் எளிதில் தேயக்கூடியதாகையால், எவ்வளவு ஆசை எழுந்தாலும் தொடாமல் பார்க்க வேண்டும்.